உருக்கும் முன் எழுதி வையுங்கள்: ஊவாவின் நகைக்கடை முதலாளிமாருக்கும் பத்தர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலி-எல, பதுளை, பசறை, லுணுகலை டவுன்களில் நகைக்கடையும் அடகுக்கடையும் நடத்தும் முதலாளிமாருக்கும், பின்கட்டில் பட்டடைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்யும் பத்தர் ஐயாமாருக்கும் எழுதுகிறேன்.

வெலிமடைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பிள்ளைகளுக்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். சுற்றிவளைக்காமல் கேட்டுவிடுகிறேன். தோட்டத்துக் கிழவிமார் போட்டிருந்த பழைய வெள்ளி நகை உங்கள் தராசுக்கு வந்தால், அதை மூசையில் போடும் முன் ஒரு போட்டோ எடுங்கள். அது யாருடையது, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். முடியுமானால் பதினைந்து நாள் உருக்காமல் வையுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் மற்ற வரிகள்.

இதை அரசாங்கத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. ஒரு பழைய காப்பையோ தண்டையையோ கடைசியாகக் கையில் எடுத்துப் பார்ப்பவர் நீங்கள். உங்களுக்குப் பிறகு அதைப் பார்க்க யாருக்கும் வாய்ப்பில்லை. அது கட்டி வெள்ளியாகிக் கொழும்புச் செட்டியார் தெருவுக்குப் போய்விடும். அது நல்ல வேலையா, கை வேலையா, அச்சு வேலையா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடக்கூடியவர்களும் நீங்கள்தான். ஆராய்ச்சியாளர் வந்து சேரும்போது பொருள் இருக்காது. உங்களிடம் பொருளும் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த கண்ணும் இருக்கிறது.

அவசரம் ஏன் என்று உங்களுக்கே தெரியும். 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் ஒன்று 50 டொலரைத் தாண்டியது. 1980-ல் எட்டிய உச்சத்தையே கடந்த விலை அது. ட்ரங்குப் பெட்டியின் அடியில் சேலைத் துணியில் முடிந்து கிடந்ததெல்லாம் அப்படியான நேரத்தில் வெளியே வருகிறது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. பதுளை மாவட்டமும் தப்பவில்லை. கூரை போன வீட்டுக்குத் தகரம் வாங்கவும், பிள்ளைக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கவும் காசு வேண்டும். கையில் விற்கக்கூடியதாக இருப்பது பாட்டியின் வெள்ளி. விற்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடப்பது ஒன்றல்ல. தங்கத்தை வங்கியில் அடகு வைக்கலாம். வட்டி கட்டி, அடுத்த தீபாவளி முற்பணத்தில் மீட்கலாம். நகை அதே உருவத்தில் வீடு திரும்பும். வெள்ளியை வங்கி எடுப்பதில்லை. ஆகவே வெள்ளி அடகுக்குப் போகாது, விற்பனைக்கே போகும். விற்றால் எடைக்கு. எடைக்கு வாங்கினால் மூசைக்கு. போன நகை திரும்பி வரும் பாதையே அதற்கு இல்லை. எங்கள் தோட்டங்களின் பழைய வெள்ளி இவ்வளவு வேகமாக மறைவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. இந்தக் கணக்குத்தான் காரணம்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று விவரமாகச் சொல்கிறேன். கைக்குக் காப்பு, கடகம், மேற்கைக்கு வங்கி, கழுத்துக்குக் காறை, ரூபாய் கோத்த காசுமாலை, காலுக்குத் தண்டை, கொலுசு, விரலுக்கு மிஞ்சி, பிள்ளைகளுக்கு அரணாக்கொடி, அரசிலை, தாயத்து, பரல் போட்ட சின்னத் தண்டை. காதுக்கும் மூக்குக்கும் தங்கம் சேர்க்க முடிந்தவர்கள் தோடும் மூக்குத்தியும் போட்டார்கள். காது வளர்த்த தலைமுறைக்குத் தண்டட்டியும் உண்டு. இவை பெரும்பாலும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களின் வேலைப்பாடுகள். கூலிக்கு வந்தவர்கள் உடம்போடு கொண்டு வந்தவை சில. இங்கே வந்த பிறகு, சம்பளக் காசை உருக்கிச் செய்வித்தவை பல.

என் அம்மாயியின் காப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. சுண்டுவிரல் பருமனான உருட்டுக் கம்பி. இரண்டு முனையிலும் பட்டை தீட்டிய குமிழ். குமிழுக்குக் கீழே மூன்று சுற்று முறுக்கு. இடது பக்கத்து வளைவு மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கிறது. கூடவே போட்டிருந்த கண்ணாடி வளையல்களும் இன்னொரு காப்பும் வருடக்கணக்கில் உரசிய இடம் அது. உட்பக்கத்தில் ஒரு சின்ன விரிசல் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பொடி ஓடிய தடம் நிறம் மாறித் தெரிகிறது. அந்தப் பற்றுக்குப் பக்கத்தில், கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால் மட்டும் தெரிகிற மாதிரி, ஆணியால் குத்திய மூன்று புள்ளிகள் முக்கோணமாக இருக்கின்றன. செய்தவரின் அடையாளமா, பழுது பார்த்தவரின் அடையாளமா என்பதை உங்களில் ஒருவர்தான் சொல்ல வேண்டும். உலை, ஊதுகுழல், வெங்காரப் பொட்டலம், குன்றிமணி எல்லாம் ஒரே பெட்டியில் தூக்கிக்கொண்டு சம்பள வாரத்தில் லயத்துக்கு வரும் பத்தர் ஒருவரைப் பற்றி அம்மாயி சொல்வார். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

வெள்ளி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி காசிலிருந்து. 1872 முதல் இலங்கையின் பணம் ரூபாயும் சதமும். கையில் புழங்கிய வெள்ளி ரூபாய் இந்திய ரூபாய். ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்கு மேல் சுத்த வெள்ளி. நிறைக் கணக்கே அதில்தான்: பத்து ரூபாய்க் காப்பு என்றால் பத்து ரூபாயை உருக்கிச் செய்த காப்பு, 116 கிராமுக்குச் சற்று மேல். 1940-ல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-ல் நிக்கல் வந்து வெள்ளியே இல்லாமல் போனது. ஆகவே உங்கள் உரைகல்லில் தொண்ணூறுக்கு மேல் காட்டும் பழைய தோட்டக் காப்பு, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய ரூபாயாக இருந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. காசுமாலை இன்னும் தெளிவாகப் பேசும். விக்டோரியா மகாராணி தலையோ, ஏழாம் எட்வேர்ட் தலையோ, ஐந்தாம் ஜோர்ஜ் தலையோ இருக்கும். பின்பக்கத்தில் ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டுக்கு முன் அந்த நகை செய்யப்பட்டிருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

அந்தப் பத்து ரூபாய் எவ்வளவு உழைப்பு என்றும் கணக்குப் பாருங்கள். 1927-ன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929-ல் மலைநாட்டு உயர்நிலத் தோட்டங்களுக்கு நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்டபோது ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பெண்ணொருத்தி அரிசிக்கும் துணிக்கும் ஒரு சதம்கூடச் செலவழிக்காமல் இருந்தாலும், பத்து ரூபாய் சேர 23 நாளுக்கு மேல் மலை ஏற வேண்டும். செலவெல்லாம் பிடித்த பிறகு மிஞ்சியதில் சேர்த்தால் எத்தனை மாதம், எத்தனை வருடம் என்பது அவளுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். காய்கறி போட்ட துண்டு நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். 1921-ல் துண்டு முறை ஒழியும்வரை கடனும் ஆளும்கூடத் துண்டுச்சீட்டில் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டார்கள். அப்படிப்பட்ட வாழ்க்கையில் அவளுடையது என்று சொல்லக்கூடிய ஒரே சொத்து அவள் உடம்பில் கிடந்த வெள்ளி.

அந்த வெள்ளி தாங்கிய சுமையும் கொஞ்சமில்லை. 1948-ல் எங்கள் மக்களின் குடியுரிமை போனது. 1964 ஒக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் ரயிலேறித் தலைமன்னார் போனவர்கள், போகுமுன் பானை சட்டியிலிருந்து எல்லாவற்றையும் வந்த விலைக்குக் கொடுத்தார்கள். 1973, 74-ன் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது; அப்போது ஒரு கொத்து மாவுக்காக மிஞ்சி கழற்றிய கதை இல்லாத லயம் குறைவு. 1983 ஜூலை 27-ல் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்தக் கலவரம் லுணுகலைக்கும் பரவியது. உங்களில் சிலருடைய தகப்பன்மாரின் கடைகளும் அதில் போயிருக்கும். 2014 ஒக்டோபர் 29-ல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண்ணுக்குள் கொண்டுபோனது. இத்தனையும் தாண்டி ஒரு தண்டை இன்று உங்கள் மேசைக்கு வந்திருக்கிறதென்றால், அதை நாலு வரி எழுதாமல் அனுப்பக் கூடாது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். நம் நாட்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940-ம் ஆண்டின் 9-ம் இலக்கச் சட்டம். அதன் கணக்கில் தொல்பொருள் என்பது 1815 மார்ச் 2-க்கு முற்பட்டது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் திகதி அது. எங்கள் முன்னோர் கோப்பிக்காக வரத் தொடங்கியது 1820-களில். ஆக, எங்கள் ஆட்கள் இங்கே செய்து, போட்டு, பிள்ளைக்குக் கொடுத்த எந்த நகையும் அந்தச் சட்டத்தின்படி தொல்பொருள் ஆகாது. இருநூறு வருடமாக இங்கே வாழ்ந்த மக்களின் கைப்பொருள் முழுக்க அந்தத் திகதிக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து அந்த இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்தோம். நடந்தவர்கள் கையில் பதாகை இருந்தது. முன்னோரின் பொருள் என்று காட்ட எவ்வளவு இருந்தது?

படங்கள் இருக்கின்றன. ஜூலியா மார்கரெட் கமரன் 1875-லிருந்து களுத்துறையில் இருந்தபோது தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். ஸ்கோவன், பிளாட்டே கம்பனிப் படங்களும் தபால் அட்டைகளும் உலகமெங்கும் போயின. கழுத்தும் காதும் கையும் நிறைய நகை போட்ட பெண்கள் அவற்றில் நிற்கிறார்கள். கீழே ‘தமிழ்ப் பெண்’ என்றோ ‘கொழுந்து பறிப்பவள்’ என்றோ எழுதியிருக்கும். அவள் பெயர் இருக்காது. நகை செய்தவர் பெயரும் இருக்காது. அந்தக் குறையை இனி வரும் ஒவ்வொரு நகையிலும் திருத்த உங்களால் முடியும்.

உலகத்தில் வேறெங்காவது இப்படிப் பழைய வெள்ளி உருக்கப்படாமல் காக்கப்பட்டிருக்கிறதா என்று தேடினால், அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் வாழும் நவாஹோ மக்களிடம் போக வேண்டியிருக்கிறது. ஆடு மேய்க்கும் மக்கள். தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறவர்கள். 1864-ல் அமெரிக்கப் படை அவர்கள் வீடுகளையும் பீச் மரங்களையும் அழித்து, அவர்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து, பொஸ்கே ரெடொண்டோ என்ற வறண்ட இடத்தில் அடைத்தது. எண்ணாயிரத்துக்கும் அதிகமானோர் நடந்தார்கள். பலர் வழியில் இறந்தார்கள். 1868-ல் ஒப்பந்தம் செய்து ஊர் திரும்பினார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து, வாந்திபேதியில் பாதியிலேயே பிள்ளையைப் புதைத்தவர்களின் சந்ததிக்கு அந்த நடையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுக்குள் முதல் வெள்ளித் தட்டார் அட்சிடி சானி என்பார்கள். மெக்சிகோக்காரக் கொல்லர் ஒருவரிடம் இரும்பு வேலை கற்று, பிறகு வெள்ளிக்கு வந்தவர். அவர் கற்றுக்கொடுத்தவர்கள் வழியாக வேலை பரவியது. வெள்ளி எங்கிருந்து? அங்கேயும் காசுதான். அமெரிக்க வெள்ளி டொலரையும், பின்னால் மெக்சிகோ பேசோவையும் உருக்கினார்கள். இரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் வெள்ளி. 1880 வாக்கில் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லைப் பதிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கல் அவர்களுக்குப் புனிதமானது. ஸ்பானியரின் குதிரைக் கடிவாளத்தில் தொங்கிய பிறை வடிவம் அவர்கள் மாலையில் பதக்கமானது. வில்லாளியின் மணிக்கட்டைக் காக்கும் தோல் பட்டையில் வெள்ளித் தகடு ஏறியது. ஆண், பெண் எல்லோரும் போட்டார்கள். ஆட்டுமந்தைக்கு அடுத்த சொத்து அதுதான்.

இனிச் சொல்வது உங்கள் தொழிலுக்கு நேரே வருகிறது. நவாஹோ நிலத்தில் வெள்ளைக்கார வியாபாரிகள் கடை வைத்தார்கள். ஜோன் லொரென்சோ ஹப்பெல் 1878-ல் கனாடோவில் தொடங்கிய கடை அதில் பேர் பெற்றது. 1965-ல் தேசிய வரலாற்றிடமாக அறிவிக்கப்பட்டு, இன்றும் கடையாகவே நடக்கிறது. இந்தக் கடைகளில் மா, கோப்பி, சீனி எல்லாம் நகையை அடகு வைத்து வாங்கினார்கள். வசந்தத்தில் ஆட்டு ரோமம் வெட்டியதும், இலையுதிர் காலத்தில் குட்டி விற்றதும் மீட்டார்கள். அடகுக்கு வந்த ஒவ்வொரு நகையிலும் உடையவர் பெயரும் தொகையும் எழுதிய சீட்டு நூலில் கட்டப்பட்டிருக்கும். ஊரில் சடங்கு வந்தால் அடகில் இருக்கும் நகையையே உடையவருக்கு இரவலாகக் கொடுத்து, முடிந்ததும் வாங்கி வைத்த வியாபாரிகளும் இருந்தார்கள். தவணை தப்பிய நகையை வியாபாரி விற்றார். உருக்கவில்லை, நகையாகவே விற்றார். இன்றைக்குப் பழைய நவாஹோ நகை உலகமெங்கும் மதிக்கப்படுவதற்கும், அருங்காட்சியகங்களில் இருப்பதற்கும் அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

எழுதியவர்களும் இருந்தார்கள். ஜோன் அடேர் என்ற மானிடவியலாளர் தட்டார்களோடு பட்டறையில் உட்கார்ந்து, எந்தச் சுத்தியல், எந்த அச்சு, யார் யாரிடம் கற்றார் என்றெல்லாம் கேட்டு எழுதி 1944-ல் புத்தகமாக்கினார். சாந்தா ஃபேயில் உள்ள வீல்ரைட் அருங்காட்சியகம் 2015-ல் அந்தப் பிரதேசத்து நகைகளுக்கென்றே தனி நிலையம் திறந்தது. பழைய நகைகளில் பெரும்பாலானவற்றில் செய்தவர் முத்திரை கிடையாது. 1930-களுக்குப் பிறகுதான் முத்திரை குத்தும் வழக்கம் மெல்ல வந்தது. ஆனால் முத்திரை இல்லாத நகைக்குக்கூட இன்ன காலம், இன்ன பக்கத்து வேலை என்று சொல்ல முடிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆயிரக்கணக்கான நகைகள் உருக்கப்படாமல் இருக்கின்றன என்பதால்தான் அது முடிகிறது.

அங்கே எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. தவணை முடியுமுன் நகையை விற்றார்கள், வட்டியை மறைத்தார்கள், அடகுக் கடனைக் காட்டி மக்களைக் கடையோடு கட்டிப்போட்டார்கள் என்று புகார்கள் குவிந்தன. 1970-களில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் விசாரித்தது, விதிகள் இறுகின, அடகுத் தொழில் நவாஹோ நிலத்தை விட்டுக் கல்லப் போன்ற எல்லை நகரங்களுக்கு நகர்ந்தது. இன்னொரு பக்கம், 1899-லிருந்தே ஃபிரெட் ஹார்வி கம்பனி ரயில் பயணிகளுக்காக மெல்லிய, இலகுவான நகைகளைச் செய்யச் சொன்னது. பேர் பெருகியதும் போலிகள் வந்தன. 1935-ல் ஒரு சட்டம், 1990-ல் அதைவிடக் கடுமையான ஒரு சட்டம் என்று போட்டு, பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்ததாக விற்பதைக் குற்றமாக்க வேண்டியிருந்தது. நகைக்கு வந்த மதிப்பு முழுவதும் அதைச் செய்தவர் வீட்டுக்கும் போட்டவர் வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. அந்த அனுபவத்தின் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, கொப்பியில் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.

நகையை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், பூட்டு, பற்று என்று போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றி வைத்தால் அளவு தெரியும். எடுக்கும் முன் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம். கறுப்பும் தேய்மானமும் அதன் வயதைச் சொல்லும். எடையையும் உரைகல் காட்டிய தரத்தையும் குறியுங்கள். காசு இருந்தால் தலை எது, ஆண்டு எது என்று எழுதுங்கள். ஆணிக் குத்து, எழுத்து, கோடு ஏதாவது இருந்தால் அதை மட்டும் கிட்டக் கொண்டுபோய் இன்னொரு படம்.

பிறகு கொண்டு வந்தவரிடம் கேளுங்கள். இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்? யார் போட்டார்கள்? எந்தத் தோட்டம், எந்த டிவிசன்? கலியாணத்துக்கு வந்ததா, பிள்ளை பிறந்ததற்கு வந்ததா, நேர்த்திக்கடனா? இங்கே செய்ததா, இந்தியாவிலிருந்து வந்ததா? யார் செய்தார்கள் என்று யாராவது சொன்னதுண்டா? தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். பெயர் போட விருப்பமில்லை என்றால் பெயரை விட்டுவிடுங்கள். விற்க வந்ததை ஊருக்குச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. தோட்டத்தின் பெயரும் நகையின் பெயரும் இருந்தாலே பாதி வரலாறு நின்றுவிடும்.

பத்தர் ஐயாமாரே, உங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இந்த முறுக்கு எப்படி வந்தது, இந்தத் தண்டைக்குள் பரல் எப்படிப் போனது, கம்பியை எத்தனை கண் வழியாக இழுத்தால் இந்த மெல்லிசு வரும் என்று உங்கள் கைக்குத் தெரிந்ததை ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். எழுதச் சிரமமென்றால் ஃபோனில் பேசிப் பதிந்து விடுங்கள். அச்சு நகை வந்த பிறகு உங்கள் பிள்ளைகள் பட்டறைக்கு வருவது குறைந்துவிட்டது. நகை போவதோடு அதைச் செய்யும் அறிவும் போகிறது. போடுகிறவள் பெயரை எழுதச் சொல்லும் அதே வாயால், செய்கிற உங்கள் பெயரையும் எழுதச் சொல்கிறேன். நீங்கள் புதிதாகச் செய்யும் ஒவ்வொரு வெள்ளி நகையிலும் உங்கள் முத்திரையைக் குத்துங்கள்.

பதினைந்து நாள் ஏன் கேட்கிறேன்? சம்பளநாளுக்கு முந்திய வாரம் விற்றவர்கள், சம்பளம் வந்ததும் மனம் மாறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மகள் கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்து, “அம்மாயி தண்டையையா கொடுத்தீங்க?” என்று அழுவாள். அந்தப் பதினைந்து நாளுக்குள் கொடுத்த காசைத் திருப்பிக் கொண்டு வந்தால், ஒரு நியாயமான தொகை சேர்த்து வாங்கிக்கொண்டு நகையைக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு நட்டமில்லை. அவர்களுக்கு அது மறுபடி கிடைக்காத பொருள்.

இதில் உங்கள் வியாபாரத்துக்கும் வழி இருக்கிறது. கறுப்பேற்றிய வெள்ளி நகை என்று இந்தியாவிலிருந்து வரும் கலப்பு உலோகத்தை எங்கள் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள். அதைவிட நல்ல வடிவங்கள் உங்கள் மூசைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. கொப்பியில் ஐம்பது நகை சேர்ந்தால், ஊவாத் தோட்டக் காப்பு, ஊவாத் தோட்டத் தண்டை என்று அதே முறையில் புதிதாகச் செய்து, பெயரோடும் கதையோடும் விற்கலாம். எல்ல ஊருக்கும் லிப்டன்ஸ் சீட்டுக்கும் வரும் பயணிகள் தேயிலைப் பொட்டலத்தோடு திரும்பிப் போகிறார்கள். தேயிலை பறித்த கையில் என்ன கிடந்தது என்று அவர்களுக்குக் காட்ட இன்று எதுவும் இல்லை. ஒரு பழைய நகைக்கு எடையைவிடக் கூடிய விலை கிடைக்குமானால், அந்தக் கூடுதலில் பங்கு கொண்டு வந்த குடும்பத்துக்குப் போக வேண்டும். நவாஹோ மக்களிடம் தவறிய இடம் அது. நாம் தொடக்கத்திலேயே சரியாகச் செய்யலாம்.

கொப்பி நிறைந்தால் என்ன செய்வது என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். பக்கங்களைப் படமெடுத்துத் தட்டச்சு செய்யும் வேலையை என் மாணவர்களும் நானும் பார்த்துக்கொள்கிறோம். ஈழத்து, மலையகத்து எழுத்துகளைத் திரட்டும் நூலகம் நிறுவனத்திடம் ஒரு பிரதி கொடுக்கலாம். புசல்லாவைப் பக்கம் பீக்கொக் தோட்டத்தில் லயக் காம்பராக்களிலேயே அமைந்திருக்கும் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கலாம். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகப் போய் எங்கள் பாட்டுகளைக் கேட்டு எழுதி 1983-ல் புத்தகமாக்கியிராவிட்டால், அந்தப் பாட்டுகளில் பல பாடினவர்களோடேயே போயிருக்கும். பாட்டுக்கு ஒரு வேலுப்பிள்ளை கிடைத்தார். வெள்ளிக்கு நீங்கள் ஒவ்வொருவரும் அந்த வேலையைச் செய்யலாம். அதற்கு நீங்கள் கடையை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை.

அடுத்த தைப்பொங்கலுக்குள் மேலே பெயர் சொன்ன ஒவ்வொரு டவுனிலும் குறைந்தது ஒரு கடையில் இந்தக் கொப்பி திறந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. தமிழ்க் கடை, முஸ்லிம் கடை, சிங்களக் கடை என்ற பேதம் இதற்கு வேண்டாம். எங்கள் வெள்ளி எல்லாக் கடைக்கும் வருகிறது. கொப்பியும் பேனையும் நாங்கள் கொண்டு வருகிறோம். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, உங்கள் வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். முதல் பக்கம் எந்தக் கடையில் எழுதலாம் என்று சொல்லியனுப்புங்கள். அந்த வாரமே வருகிறேன்.

மரியாதையுடனும் நம்பிக்கையுடனும்,
வெலிமடை வட்டாரத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை